அத்தைக்கு மட்டும் வந்த குரல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அதை அடுத்து ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் மண்டபம். சமூகப்பணி படித்துவிட்டுத் திரும்பி வந்த சில மாதங்களிலேயே மண்டபத்தின் சாவி என் கைக்கு வந்துவிட்டது. மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு, மாதம் ஒருமுறை பெண்கள் கூட்டம், மாரியம்மன் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பொறுப்பு என எல்லாமே என்னிடம் வந்து சேர்ந்தன. நான் அதைப் பாரமாக நினைக்கவில்லை. படித்த பெண் திரும்பி வந்து ஊருக்குப் பயன்படுகிறாள் என்று பிறர் சொல்லக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அந்தப் பிடித்தமும் ஒரு காரணம்.

இசைத்தட்டு ஓடும் ரெக்கார்டு பிளேயர் ஒன்றை ஈப்போவில் வாங்கியிருந்தேன். பார்க்கப் பழைய சாமான்போல இருக்கும். ஆனால் புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும். கோயில் அலமாரியில் கிடந்த பக்திப் பாடல் தட்டுகளை அதில் ஓடவிட்டு, திருவிழாவுக்கு முந்திய வாரம் மண்டபத்து ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தேன். தட்டு எங்கள் வீட்டு மேசையில் சுழன்றது. பாட்டு வாய்க்காலுக்கு அப்பால் கேட்டது. சின்னப் பிள்ளைகள் இங்குமங்கும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அத்தை வந்தார். மூன்று வீடு தள்ளி மகன் குடும்பத்துடன் இருப்பவர். உறவில்லை என்றாலும் லயமே அவரை அத்தை என்றுதான் அழைக்கும். அவருடைய கணவர் கோயில் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்து, இரண்டு வருடங்களுக்கு முன் காலமானவர். எந்த வீட்டில் புருஷன் குடித்துவிட்டுக் கை நீட்டினாலும் அந்தத் தலைவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் வந்து நின்றாலே சத்தம் அடங்கும். பெண்கள் கூட்டத்தில் நானும் அவரை எத்தனையோ முறை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை முந்தானைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறிய கருப்புத் தட்டு.

"பாப்பா, ஒன் பெட்டியில இது ஓடுமா? கல்யாணமான புதுசுல அவரு சிங்கப்பூருல வேல பாத்தாரு. காசு குடுத்தா, பேசுறத பிளேட்டுல புடிச்சுத் தர்ற கடை இருந்துச்சாம். அங்கேருந்து அனுப்புனாரு."

"நீங்க கேட்டிருக்கீங்களா அத்தை?"

"ஒரே தடவ. எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணி வூட்டுலதான் அப்ப பெட்டி இருந்துச்சு. கிராணியம்மா பிளேட்ட போட்டுட்டு, கதவ சாத்திட்டு வெளிய போய் நின்னுக்கிட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் அப்படித்தான் கேக்கணும். எம் மவனுக்குத் தெரியக் கூடாது. ஒருத்தருக்கும் கேக்கக் கூடாது. என்கிட்ட பேசுனது அது."

சரி என்றேன். அம்மா மலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்தார். கதவைத் தாழிட்டேன்.

பிளேயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஒயர் இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து இரண்டு முனையையும் செருகியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அதை நான் எடுக்கவில்லை. என் அறையிலிருந்த சிறிய ஸ்பீக்கரை அத்தையின் மடிக்கு அருகில் வைத்தேன்.

"ஒயரே வேணாம் அத்தை. காத்துலயே போவும்."

"காத்துல போனா மத்தவங்களுக்குக் கேக்காதா?"

சிரித்தேன். "கேக்காது லா அத்தை. ஸ்பீக்கர் இங்கதானே இருக்கு."

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு நான் சிரித்ததை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடிக்கத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஊசியைத் தட்டில் வைத்தேன். தட்டு சுழன்றது. ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை காதை அதன்மேல் வைத்துக்கொண்டு கண்களை மூடியிருந்தார். தட்டு முடிந்தது. ஒலியைக் கூட்டிவிட்டு மறுபடி போட்டேன். இல்லை. பிளேயரின் பின்னாலிருந்த விசையை மாற்றிப் பார்த்தேன், ஸ்பீக்கரை அணைத்துப் போட்டேன், மூன்றாம் முறையும் ஊசியை வைத்தேன். இத்தகைய தட்டில் ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் குரல் கொஞ்சம் தேயும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

மழைக்கு நடுவே மண்டபத்துப் பக்கம் ஓர் ஆணின் குரல் மங்கலாகக் கேட்டது.

"ஹால்ல யாரோ மைக்குல பேசுறாங்க போல," என்றார் அத்தை.

"கோயில் கூட்டமா இருக்கும் அத்தை."

மைக் என் அலமாரியில் பூட்டியிருந்தது. அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை.

கதவு இடிபட்டது. திறந்தால் அத்தையின் மகன், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். கியா பார்ம் காய்கறித் தோட்டங்களில் லோரி ஓட்டுபவர். அன்னதானத்துக்கான முட்டைக்கோசை இறக்கிவிட்டு, நறுக்க வந்த பெண்களோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"நிறுத்து! மொதல்ல அத நிறுத்து!"

ஊசியைத் தூக்கினேன். மண்டபத்துக் குரலும் நின்றது. அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பிளேயர் போன வாரம் பழகிய மண்டபத்து ஸ்பீக்கரைத் தேடிப் பிடித்திருக்கிறது. காய் நறுக்கும் பெண்கள் போனில் பாட்டுக் கேட்க அதை முடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பாட்டை வைப்பதற்குள் என் தட்டு அதில் நுழைந்துவிட்டது. முடுக்க மட்டும் அவர்களுக்குத் தெரியும்; வரும் ஒலியை எந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்துவது என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ம்மா, அப்பா ஒன்ன அடிச்சாரா?"

அத்தை எழுந்து, கொடியில் கிடந்த என் துண்டை எடுத்து நீட்டினார். "தலைய தொவட்டு. இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்க."

"பெல்ட்டால அடிச்சது தப்பு, மன்னிச்சுக்க, அம்மா வூட்டுலேருந்து திரும்பி வந்துடுன்னு சொல்றாரு ம்மா. அத்தன பேரும் கேட்டாங்க. மூணு வாட்டி."

"மூணு வாட்டியா?" அத்தை மகனிடம் கேட்டார்: "வேற என்ன சொன்னாரு?"

"அழுவுறாரு ம்மா," என்று மட்டும் சொன்னார் மகன்.

அத்தை அந்தத் துண்டைத் தம் கையாலேயே மகன் தலையில் போட்டார். தட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். இருவரும் மழையிலேயே போனார்கள். தட்டுக்கு உரியவர் ஒருவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கொழுந்தெடுப்பவர்கள் லோரி ஏறும் இடத்தில் அம்மாவோடு நின்றேன். "என்னா ரேடியோக்காரி, அடுத்த நிகழ்ச்சி எப்போ?" என்றார் ஒருவர். "தலைவரு மேலேருந்து பேசுறாருன்னு நெனச்சு நான் கத்திய கீழ போட்டுட்டேன் லா," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கேலியை என்னால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது அடுத்த பெண்கள் கூட்டத்தில் வந்தது. கண்ணுக்குக் கீழே வீக்கத்தோடு வந்திருந்த ஒருத்தி சொன்னாள்: "எங்க ஆளு இப்ப என்னா சொல்லுது தெரியுமா அக்கா? தலைவரே பெல்ட்ட எடுத்தவருதான், நீ என்னாடி பெருசான்னு கேக்குது." பல வீடுகளில் ஓங்கிய கையைத் தடுத்து வைத்திருந்த ஒரு பெயரை ஒரே மழையில் நான் கரைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் நான் பகுதிநேரம் வேலை செய்யும் பெண்கள் நல அமைப்புக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மதிப்புக்குரிய ஆண்களின் வீடுகளிலும் வன்முறை மறைந்திருக்கிறது என்று தொடங்கி, அந்தத் தட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அத்தையைக் கேட்காமலேயே இரண்டு நாள் அதை வைத்திருந்தேன், ஒரு வார்த்தையை மாற்றி அழகுபடுத்தவும் செய்தேன். பிறகுதான் அழித்தேன். ஸ்பீக்கர் விஷயத்தில் அது தெரியாமல் நடந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பத்தி விஷயத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை.

திருவிழா முடிந்த பிறகு பிளேயரையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை ஒயரில்தான் போடுவேன், நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன் என்றேன்.

"வேணாம் பாப்பா. இப்ப போட்டா அவரு பேசுறது எனக்குக் கேக்காது. ஹால்ல யாரு யாரு உக்காந்திருந்தாங்கன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இதை எழுதுவதற்கு முன் மீண்டும் அவரிடம் போனேன். எஸ்டேட் பெயர், ஆள் பெயர் எதுவும் வராது, வேண்டாமென்றால் எழுதவே மாட்டேன் என்றேன்.

"எழுது. அடிச்சாருன்னும் எழுது, அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவகூட கை நீட்டலன்னு சேத்து எழுது."

அது உண்மைதானா என்று கேட்கும் பழக்கத்தைத்தான் படிப்பு எனக்குக் கொடுத்திருக்கிறது. வாயைத் திறந்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது," என்றார் மறுபடியும்.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடக் கை நீட்டவில்லை.