மாவு எறியாத கை

ரொட்டிக் கடையில் என் மனைவிக்கு மேகம் என்று பட்டப்பெயர். மாவை உருட்டுவதற்கு முன் ஒரு பிடி உலர்ந்த மாவை மேசைமேல் விசிறி அடிப்பாள். அது ஆளுயரத்துக்கு எழும்பி மெல்ல இறங்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று அதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வயிற்றெரிச்சல். ரொட்டி வெந்து இறங்கியதும் விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள். தெருக்கோடிவரை கேட்கும்.

முதலில் நின்றுபோனது அந்த விசில்தான். வேலையில் இருந்தால் இளைப்பு, வீட்டுக்கு வந்தால் குறைந்துவிடும். டாக்டர் கொடுத்த நீலக் குழலை வாயில் வைத்து மருந்தை இழுத்ததும் நெஞ்சு திறந்ததால், அது ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிட்டாள். தினமும் இழுக்கச் சொன்ன இன்னொரு மருந்தைத் தொடவே இல்லை.

"இழுத்தா ஒண்ணுமே தெரியல. வெத்துக் காத்து!"

நான் சொல்லிக் கேட்கிற ஆளா அவள்? அடுப்பைப் பழுதுபார்க்கக் கடையை மூடியிருந்தபோது மூச்சு சீரானது. வியாதியே போய்விட்டதென்று, வேலைக்குத் திரும்பிய அன்று வழக்கத்தைவிட உயரமாக எறிந்தாள். மதியத்துக்குள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மூச்சு திரும்பிய பிறகு டாக்டரம்மா விளக்கினார்.

"மூச்சுக்குழாயோட உள்பக்கத்தை மூடியிருக்கிற செல்லுங்க வெறும் சுவர் இல்லம்மா. மாவுத்தூள் பட்டதும் அதுங்களே கூச்சல் போட்டு எதிர்ப்புச் செல்லுங்களைக் கூப்பிடுது. வந்ததுங்க சும்மா இருக்குமா? அதுங்க கக்கறதுல சுவரே புண்ணாகுது, குழாய் வீங்குது, சளி கட்டுது. புண்ணான சுவர் அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா கத்தும்."

"அப்ப நீலக் குழல்?" என்று கேட்டாள் அவள்.

"இறுகின தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ள நடக்கிற சண்டையை அடக்கறது நீங்க ஒதுக்கின மருந்து. தூளும் குறையணும். அப்பவும் அடங்கலைன்னா அடுப்படியை மறந்துடுங்க."

அதைக் கேட்டதும்தான் அவள் முகம் மாறியது. அடுப்படி கையைவிட்டுப் போனால் அவள் பாதி ஆளாகிவிடுவாள். கடை முதலாளியோ அதற்குள் பொட்டலம் கட்டும் பக்கத்தில் அவளுக்கு இடம் பார்த்துவிட்டார்.

"டாக்டரம்மாவோட அடுத்த மூச்சுப் பரிசோதனை முடியட்டும். அதுவரைக்கும் என் மேசையில யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள்.

மாவு விசிறுவதற்குப் பதிலாக மேசைக்கு எண்ணெய் தடவினாள். துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் இறுக மூடிக்கொண்டாள். காலையில் பல் விளக்குவதற்கு முன் அந்த வெத்துக் காத்தை ஒழுங்காக இழுத்தாள். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் கரைந்தது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"மேகம் இல்லாம யாரு வருவா?" என்று அவரே ஒரு பிடி மாவை அள்ளினார்.

அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "ரொட்டி வேணும்னா இங்க வரட்டும். மேகம் வேணும்னா வானத்தைப் பாக்கட்டும்."

நான் கல்லாவுக்கு அடியில் குனிந்து சிரித்தேன்.

பரிசோதனை நாளில் மூச்சளக்கும் கருவிக்குள் முழு மூச்சையும் ஊதினாள். டாக்டரம்மா அளவைப் பார்த்துவிட்டு, "அடுப்படியிலயே இருங்க. மருந்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். வழியெல்லாம் அவள் மறுநாளைய மாவுக் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

மறுநாள் ரொட்டி இறங்கியதும் விரலை மடித்து வாயில் வைத்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினாள். தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் ஒருவர் மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டியபடி நிற்க, நான் அடுப்படிக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.