பெயர் ஒன்றுதான், கேஜ் வேறு

என் பழைய சின்னக் காரில், இன்ஜின் சூட்டைக் காட்டும் கேஜின் முள் அசையாமல் அடியிலேயே கிடந்தது. மைத்துனன் வந்தான். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டுக்கும் கேஜ் என்றுதான் பெயர்; அதற்கு அவன் ஃபிட்டர். "கேஜுன்னா என்கிட்ட உடுங்க மாமா, பத்து வருசமா அதான் வேலை" என்று முள்ளுக்குப் பின்னால் கிரீஸை அப்பினான். பெயர் ஒன்றானால் வேலையும் ஒன்றாம். அதை நம்பிய நான் அவனைவிடப் பெரிய மேதாவி.

கோலார் போகும் வழியில் பானெட்டிலிருந்து ஆவி சீறியது. "முள் கீழதான இருக்குது, சூடே இல்ல மாமா" என்று ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனவனை இழுத்துத் தள்ளினேன். இல்லாவிட்டால் முகம் வெந்திருக்கும்.

ஆறவிட்டு, வற்றிப்போயிருந்த ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, கோலார் மெக்கானிக்கிடம் போனோம். அவர் இன்ஜினில் திருகியிருந்த சிறு பித்தளைக் குமிழைக் கழற்றினார். "கேஜுக்கு ஒண்ணுமில்ல சார். அதுக்குச் சூட்டைச் சொல்றது இதுதான், இது செத்துப்போச்சு" என்று புதியதை மாட்டினார்.

இப்போது முள் அசையாவிட்டால் முதலில் குமிழைப் பார்க்கிறேன். மைத்துனன் வந்தால், அதற்கும் முன்னால் காரைப் பூட்டிவிடுகிறேன்.