கையின் மேல் உட்காரும் கேப்டன்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, "வலது பக்கம் சைக்கிள்" என்கிறார் அண்ணி. நான் சைக்கிளைப் பார்க்கவில்லை. பார்த்ததுபோல் தலையாட்டுகிறேன். "தலையை ஆட்டாதே. வாயால சொல்லு." "சைக்கிள், பார்த்தாச்சு." "எங்கே?" நான் இடது பக்கம் திரும்பித் தேடுகிறேன். சைக்கிள்காரர் என்னையும் என் வம்சத்தையும் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்ததால் மானம் தப்பியது. அண்ணியின் தோள்பட்டை ஒருமுறை துள்ளி அடங்குகிறது. கைகள் மட்டும் வெளியே வரவில்லை.

அவர் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு லைசென்ஸ் கிடைத்துப் பல வருஷமாகிறது. கொடுத்த புண்ணியவான் அன்று என்ன மனநிலையில் இருந்தாரோ. நான் ஓட்டுகிற லட்சணத்துக்காகவேதான் அண்ணி தினமும் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். "தேடிப் பார்த்துட்டேன் பாப்பா, உன்னைவிட மோசமா ஓட்டற ஆள் எனக்குத் தெரிஞ்சு இல்லை. வேலை கிடைக்கிற வரைக்கும் தயவுசெஞ்சு திருந்திடாதே." நாற்பதைத் தாண்டிய நாத்தனாரை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

அண்ணி விமானம் ஓட்டுகிறவர். ஒரு சின்னக் கம்பெனியில் பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பதினொரு வருஷம் கேப்டன். எங்கள் அடுக்குமாடியில் வாட்ச்மேன் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் 'கேப்டன் மேடம்'. குள்ளமான உருவம், ஒட்ட வெட்டிய முடி, மூக்குக் கண்ணாடி, காலை ஆறு மணிக்கே தேய்த்த சட்டை. லிஃப்டில் நாலு பேர் இருந்தால் பட்டனை அழுத்துவது அவர்தான். போன வருஷம் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. மறுநாளும் அதே ஆறு மணிக்குச் சட்டையைத் தேய்த்தார். "சட்டை என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார்.

அவரிடம் ஒரு குணம். யார் எதைச் செய்தாலும் பாதியில் வாங்கிவிடுவார். என் அண்ணன் அடுப்பில் எதையாவது கிளறினால் இரண்டாவது சுற்றில் கரண்டி அண்ணி கையில் இருக்கும். பல்பு மாற்ற அண்ணன் ஏணியில் ஏறுவார், அப்புறம் பார்த்தால் மேலே அண்ணி நிற்பார், கீழே அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஏணி பிடிப்பதில் என் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமான புதிதிலேயே கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டார். "ஓட்டறது நானா இருந்தாலும் ஸ்டியரிங் அவகிட்டேதான் இருக்கும். எதுக்கு வீண் அலைச்சல்?" அவர் கணக்கு வாத்தியார், வீண் படிகளை அடித்துவிடுவார். அண்ணி வாங்கியது வாங்கியதுதான். திருப்பிக் கொடுத்த சரித்திரம் இல்லை. என் குடை ஒன்று அவரிடம் இன்னும் இருக்கிறது.

இந்தக் குணம்தான் ஒரு வேலையைக் கெடுத்தது. கம்பெனி மூடிய சில மாதங்களில் வெளிநாட்டுச் சரக்கு விமானக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. அங்கே எடுத்த எடுப்பில் கேப்டன் பதவி தரமாட்டார்கள். இரண்டு வருஷம் துணை பைலட்டாக இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கடைசிப் பரீட்சை சிமுலேட்டரில். தரையிலேயே நிற்கிற, ஆனால் உள்ளே உட்கார்ந்தால் வானத்தில் இருப்பதுபோலவே குலுக்குகிற பொய் விமானம் அது. வேலைக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் உதவ வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். அண்ணியோடு வந்தவர் ஓட்டும்போது, இறங்குகிற நேரத்தில் வேகத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. விமானத்தை வாங்கிக்கொண்டார். பூப்போல இறக்கினார்.

வெளியே வந்ததும் பரீட்சை அதிகாரி கை குலுக்கியிருக்கிறார். "ரொம்ப நல்லா ஓட்டறீங்க மேடம். ஆனா உங்க பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

அதை அண்ணிதான் சாப்பாட்டு மேஜையில் எங்களிடம் சொன்னார், அந்த அதிகாரியின் குரலிலேயே நடித்துக்காட்டி. "நியாயமாத்தானே கேட்டிருக்காரு" என்று முடித்தார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் உக்காந்திருக்கேனே இத்தனை வருஷமா" என்றார். அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அண்ணன் பிரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுப் பழத்தை வாங்கினார். பாதி உரித்ததும் கை நின்றது. பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போதும் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை, மேஜையில் வைத்துவிட்டார். அடுத்த நாள் என் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்து, "கிளம்பு" என்றார்.

விமானத்தில் இரண்டு பைலட்டுகளுக்குள் விதி இதுதான். பக்கத்தில் ஓட்டுகிறவர் தப்பு செய்தால் முதலில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் இரண்டாவது முறை சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் வாங்க வேண்டும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அதற்கென்று வாசகம் உண்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டு உபயோகத்துக்காக அண்ணி அதைத் தமிழாக்கி வைத்திருந்தார். "என் கையில" என்று அவர் சொன்னால், "உங்க கையில" என்று நான் ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டும். "இது விமானத்துக்குத்தான் அண்ணி, ஸ்டியரிங்கை விட்டா நான் எதைப் பிடிச்சுக்கறது?" என்று கேட்டேன். "கடவுளைப் பிடிச்சுக்கோ" என்றார்.

முதல் வாரம் விதியாவது ஒன்றாவது. நான் கியர் மாற்றுவதற்குள் மாற்றினார். ஒரு நாய்க்காக ஸ்டியரிங்கைத் திருப்பி எங்களை நடைபாதையில் ஏற்றினார். அன்று வீட்டுக்கு வந்து, சமாதானமாக ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "நாளையிலேருந்து கை மேல உக்காரப் போறேன்" என்று அறிவித்தார். உட்கார்ந்தார். நான் சிக்னலைக் கோட்டை விட்டபோது உட்கார்ந்திருந்தார். நடுரோட்டில் வண்டி அணைந்து, பின்னால் ஊரே ஹாரன் அடித்தபோதும் உட்கார்ந்திருந்தார், நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை இறங்கியது. துடைக்கவில்லை, கையை எடுக்க முடியாதல்லவா. நான்தான் துடைத்தேன்.

எங்கள் கேட்டுத் தூணில் மோதிய கதையையும் சொல்லியாக வேண்டும். "தூண்" என்றார். நான் பேசவில்லை. "பாப்பா, தூண்." "தூண், பார்த்தாச்சு" என்றேன். தெளிவாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நேராகப் போய் மோதினேன். பம்பர் தொங்கியது. அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, தொங்குவதையும் எங்களையும் பார்த்தார். "ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" அண்ணி இன்னும் கையின் மேல்தான் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பெருமை. "அவ பதில் சொன்னா. பதில் சொல்ற ஆளுகிட்டேயிருந்து பிடுங்கக் கூடாது." மோதிய வண்டியில் அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் இன்னொரு சரக்குக் கம்பெனி கூப்பிட்டது. எழுத்துத் தேர்வு, திரையில் நகர்கிற கோட்டைக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டே மனக்கணக்குப் போடுகிற தேர்வு, எல்லாம் அண்ணிக்குத் தூசு. அண்ணன் அறைக்கு வெளியே நின்று வகுத்தல் கணக்காகக் கத்துவார், அண்ணி உள்ளேயிருந்து விடையைக் கத்துவார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, ஒரு விடை தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பு அவருடையதுதான், அண்ணி படியிறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

வீடியோ இன்டர்வியூவுக்கு இஸ்திரி மேஜைமேல் லேப்டாப்பை வைத்து நின்றபடியே பேசினார். நான் கதவுக்குப் பின்னால், இருமலை அடக்கிக்கொண்டு. பயணிகளை விட்டுவிட்டு ஏன் சரக்கு என்று கேட்டார்கள். "பெட்டி வாந்தி எடுக்காது" என்று எங்களிடம் சொன்ன பதிலை அங்கே சொல்லவில்லை, நல்லவேளை. அடுத்த கேள்வி வந்தது. உங்களைவிடச் சின்னவர் கேப்டனாக இருப்பார், நீங்கள் அவருக்குத் துணையாக உட்கார வேண்டும், எப்படி இருக்கும்? "கஷ்டமாத்தான் இருக்கும். பழகிக்கிட்டிருக்கேன். என் நாத்தனார் கார்ல." அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன், தூண் கதையையும் சொன்னார். என் மானம் கடல் தாண்டிப் போனது அப்படித்தான்.

சிமுலேட்டர் பரீட்சைக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது, மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அண்ணி இறங்கவில்லை. "பறந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாள் ஆக ஆக நம்மளை யாரும் தொடமாட்டாங்க பாப்பா. இதுவும் போச்சுன்னா இனிமே கூப்பிட ஆளில்லை." அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "கிடைக்கும் அண்ணி" என்றேன். "கிடைக்கும். எனக்குத் தெரியும். கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னுதான் தெரியலை." கதவைத் திறந்து இறங்கி, நான் வண்டியைக் கோணலாக நிறுத்தியிருப்பதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

பரீட்சைக்குப் போய் வந்து அவர் சொன்னதைக் கேட்க நாங்கள் இருவரும் மேஜையில் காத்திருந்தோம். கூட வந்தவன் நெட்டையான பையன், அண்ணி அவனுக்கு வைத்த பெயர் கொக்கு. கொக்கு ஓட்டும்போது அதிகாரி ஓர் இன்ஜினை அணைத்துவிட்டார். கொக்கு அதைச் சமாளித்தான், சமாளிக்கிற மும்முரத்தில் வேகத்தை விட்டுவிட்டான். பழைய கதையேதான். "ஸ்பீடுன்னேன். பதில் இல்லை. பெல்ட் போட்டிருக்கு, கை மேல உக்காரவும் முடியாது. முட்டி மேல வச்சிருந்தேன். அது பாட்டுக்கு எழுந்திருக்குது பாப்பா, நான் சொல்லாமலே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஸ்பீடுன்னேன். பார்த்தாச்சுன்னான். சரி பண்ணிட்டான்."

"பார்த்தாச்சுன்னு சொல்லிட்டு நேரா தூண்ல விட்டிருந்தா?" என்றேன்.

"அந்தத் திறமை உலகத்துல உனக்கு மட்டும்தான்." அதிகாரி பிறகு கேட்டாராம், ஏன் நீங்கள் வாங்கவில்லை என்று. "கேட்டதும் திருத்திக்கிட்டாரு. எதுக்கு வாங்கணும்னேன்." இதைச் சொல்லும்போது அண்ணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முழுசாக அவரே உரித்தார்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவளுக்குத் தூண் தெரியவில்லையா என்று அண்ணன் கேட்பது அதனால்தான். கண்ணாடி போடுகிற பைலட்டுகள் எப்போதும் கூடுதலாக ஒன்று வைத்திருக்க வேண்டும். அதற்காக அண்ணி என் கடை நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. வெளிநாட்டு எண். "எடுங்க அண்ணி." "இந்த வரியை முடிச்சுடறேன்." கடைசிப் பொடி எழுத்து வரை ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் எடுத்தார். கேட்டார், நன்றி சொன்னார், எப்போது வரவேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கிடைச்சிருச்சு. கண்ணாடி எப்போ ரெடியாகும்?" நான் கையிலிருந்த லென்ஸைக் கீழே போட்டேன். கொக்குக்கும் கிடைத்ததாம்.

எனக்குச் சந்தோஷம்தான். அந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டுத் தூணைத் தியாகம் செய்தவள் நான். ஆனால் கிடைத்தால் அவர் போய்விடுவார் என்பது ஏனோ கிளம்புகிற அன்றுதான் உறைத்தது. விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அண்ணன் பின்சீட்டில், டிக்கியில் அடங்காத பெட்டியைக் கட்டிக்கொண்டு. அண்ணி பக்கத்தில், கையின் மேல். "ரெண்டு மாசம் அங்கே, மூணு வாரம் இங்கே. நான் என்ன காட்டுக்கா போறேன்?" என்றார். நான் பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கண் நிறைந்துவிட்டது. ரோடு கலங்கித் தெரிந்தது, முன்னால் போனதெல்லாம் சிவப்பு விளக்காகக் கரைந்தது.

"லாரி" என்றார் அண்ணி. முன்னால் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"பாப்பா, லாரி."

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

"என் கையில."

குரல் உயரவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்தது, மறு கை ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். வண்டி குலுங்கி அணைந்தது. "உங்க கையில" என்று நான் சொன்னது அப்புறம்தான், அழுகையோடு சேர்ந்து வந்தது. அண்ணன் பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினார். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அண்ணி அவசரப்படுத்தவில்லை. அவர் இறங்கி இந்தப் பக்கம் வந்து ஓட்டியிருக்கலாம். நான் இடத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன், பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டேன். அவர் அசையவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பார்க்க முடியுதா?"

"முடியுது."

"என்ன தெரியுது?"

"லாரி போயாச்சு. ரோடு காலி."

"பெல்ட்டைப் போடு. உன் கையில."

"என் கையில" என்றேன். அண்ணி ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்தார்.