நாலரை மணிக்கு ஏரிக்கரை

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவின் முனையில் அத்தாவுல்லா பாயின் மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. முன்பக்கம் பிரேம்கள் அடுக்கிய அலமாரி. பின்னால் திரை போட்ட, இருட்டான ஒரு சின்ன அறை. அந்த அறையில் பதினான்கு வருடமாகக் கண் பரிசோதித்து வருகிறாள் மெட்டில்டா.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தவர்கள் பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள். பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறவர்கள், ஊசியில் நூல் கோக்க முடியாதவர்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிச் சீருடைகள் வர ஆரம்பித்தன. கொரோனா வருடங்களுக்குப் பிறகு அது ரொம்பவே அதிகமானது. பரிசோதனைக் கருவியில் முகவாயை வைக்கும் இடம் குழந்தைகளுக்கு எட்டவில்லை என்று மெட்டில்டா ஒரு தடித்த மெத்தை வாங்கி நாற்காலியில் போட்டாள். முதலில் குழந்தை வரும்போது மட்டும் எடுத்துப் போட்டவள், நாளடைவில் அதை எடுப்பதையே விட்டுவிட்டாள். பெரியவர்கள் வந்தால்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“எப்படி மேடம் வந்துச்சு?” என்று பெற்றோர்கள் கேட்பார்கள். போனை அதிகம் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அந்தப் பதில் அவளுக்கே போதுமானதாகத்தான் இருந்தது, ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை வரை.

அன்று மகள் ஜோசலினைக் கூட்டிக்கொண்டு பல்லாவரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ஜோசலினுக்கு ஏழு வயது. “அது எந்த பஸ்மா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். நீயே படித்துப் பார், பெரிய எழுத்தில்தானே போட்டிருக்கிறது என்றாள் மெட்டில்டா.

“கிட்ட வரட்டும்,” என்றாள் குழந்தை.

சாதாரணமாகச் சொன்னாள். எல்லோருக்கும் பஸ் கிட்ட வந்தால்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளைப் போல. மெட்டில்டா பல்லாவரம் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேராகக் கடைக்குப் போனாள்.

நாற்காலியில் மெத்தை போட்டே இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜோசலின் எழுத்துகளைப் படித்தாள். மூன்றாவது வரியில் தடுமாறினாள். நான்காவதில் கற்பனையாகச் சொல்ல ஆரம்பித்தாள். மெட்டில்டா லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, “அம்மா, நான் தப்பாச் சொல்றேனா?” என்று கேட்டாள்.

“இல்ல கண்ணு. சரியாத்தான் சொல்றே.”

இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றே முக்கால். இது நேற்று வந்ததில்லை. ஒரு வருடமாவது ஆகியிருக்கும். ஊரில் இருக்கிற பிள்ளைகளின் கண்ணையெல்லாம் பார்த்தவள் தன் பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்த்தார்கள். அதே அளவுதான். அங்கிருந்த டாக்டரம்மா கடைசியாக, “வெளில விளையாடறாளா?” என்று கேட்டார். மெட்டில்டா ஆமாம் என்றாள். யாராவது சாப்பிட்டாயா என்றால் ஆமாம் என்று சொல்வது போல அது தானாக வந்தது.

“இல்லையே,” என்றாள் ஜோசலின்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. குழந்தைகள் தினமும் இரண்டு மணி நேரமாவது திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்குள் எத்தனை லைட் போட்டாலும் வெளியே மர நிழலில் கிடைக்கும் வெளிச்சத்துக்கு ஈடாகாது. “வந்த பவரை அது குறைக்காது. ஏறுறதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. இன்னும் கண்ணாடி போடாத குழந்தைங்களுக்குத்தான் அது ரொம்ப உதவும். வராமலே தள்ளிப்போடலாம்.”

வீட்டுக்கு வந்து மெட்டில்டா மகளின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்தாள். காலை ஏழரைக்கு வேன். மூன்றே முக்காலுக்குத் திரும்பினால், நாலு மணியிலிருந்து ஏழு வரை அதே கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கும் ஜெயசீலி டீச்சரிடம் டியூஷன். அதற்குப் பிறகு அம்மா கடையிலிருந்து வரும்வரை டேப்லெட். அப்பா ஜெர்சனுக்கு நாவலூரில் ஐடி கம்பெனி வேலை. அவர் வருவதற்குள் குழந்தை தூங்கியிருக்கும். ஞாயிறு காலை கோயில். வேனுக்கு நடப்பது, கோயில் வாசலில் நிற்பது எல்லாவற்றையும் சேர்த்தால் ஏழு நாளில் நாற்பது நிமிடம்கூடத் தேறவில்லை.

பாயிடம் போய் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். நாலு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறேன், அதற்குப் பதில் காலையில் ஒன்பதுக்கே வந்து கடையைத் திறக்கிறேன் என்றாள். பாய் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். ஜெயசீலி டீச்சரைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டியூஷனை ஏழு மணிக்குத் தள்ளி ஒரு மணி நேரமாகக் குறைத்தால் மார்க் இறங்கும் என்று அவர் எச்சரித்தார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் அது இறங்கவும் செய்தது.

நேரம் கிடைத்துவிட்டது. இடம்தான் கிடைக்கவில்லை. முதல் நாள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பந்து போட்டு விளையாடினார்கள். சங்கச் செயலாளர் சம்பந்தம் சார் மேலிருந்து எட்டிப் பார்த்து, மரியாதையாகத்தான், கார் மேல் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் கார் இல்லாத இடம் என்று அங்கே எதுவும் இல்லை. தெருவில் பைக்குகள். பக்கத்துப் பூங்காவில் நடைபாதை முழுக்க நடப்பவர்கள். புல்லில் கால் வைக்கக் கூடாது என்று பலகை. நான்காவது நாள்தான் வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் இருந்த ஏரிக்கரைக்குப் போனார்கள். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது வருடமாகியும், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க மட்டுமே மெட்டில்டா அந்தப் பக்கம் போயிருந்தாள்.

அகலமான கரை. ஓரத்தில் நாலைந்து பூவரச மரங்கள். தள்ளி இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜோசலின் சுற்றிலும் பார்த்துவிட்டு, இங்கே என்ன பண்ணுவது என்று கேட்டாள். அது மெட்டில்டாவுக்கும் தெரியாது. அவளும் பம்மலில், தோல் தொழிற்சாலைக்கும் பட்டறைகளுக்கும் நடுவே, ஒட்டியொட்டிக் கட்டிய வீடுகளில் வளர்ந்தவள். வெளியே சும்மா இருப்பது எப்படி என்று யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். போன் கொடு என்றாள் குழந்தை. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று அம்மா பொய் சொன்னாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நேரமாயிற்றா என்ற கேள்வி. முதல் வாரம் முழுக்க இப்படியே போனது. கடைக்குத் திரும்பும்போது தலைவலிதான் மிச்சம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ஜோசலின் கேட்பதை நிறுத்தினாள். தண்ணீரில் வாத்தை விடச் சின்னதாக ஒரு பறவை மிதந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கிப்போனது. அவள் எழுந்து நின்றாள். வேறெங்கோ, எதிர்பார்க்காத இடத்தில், அது மேலே வந்தது. அடுத்த முறை அது முங்கியதும் அவள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டு வரை வந்தது. அன்று கிளம்பலாம் என்று சொன்னது மெட்டில்டாதான். இரவு அதன் பெயரைத் தேடிப் பிடித்தார்கள்: முக்குளிப்பான்.

அதற்குப் பிறகு என்ன பண்ணுவது என்ற கேள்வி வரவில்லை. சில நாள் கல் பொறுக்கினாள். சில நாள் ஒன்றுமே பண்ணாமல் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மெட்டில்டாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரக் கற்றுக்கொண்டாள்.

கடையில் அவள் பேச்சு மாறியது. குழந்தைக்குக் கண்ணாடி எழுதி முடித்ததும், இவனுக்குத் தம்பி தங்கச்சி இருக்கிறார்களா என்று கேட்க ஆரம்பித்தாள். இன்னும் கண்ணாடி போடாத குழந்தைகளைப் பற்றி டாக்டரம்மா சொன்னது அவள் மனதில் அப்படித் தங்கியிருந்தது. சீட்டின் அடியில் ‘தினமும் இரண்டு மணி நேரம் வெளியே’ என்றும் எழுதினாள். ஒரு நாள் பாய் அந்தச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? கண்ணாடிக் கடைல உக்காந்துகினு கண்ணாடி வாணாங்கறியா?”

“கண்ணாடி வேணாம்னு எழுதல பாய். இன்னொரு குழந்தைக்கு வர வேணாம்னுதான்.”

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வேலை போகுமோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

“எழுதாத,” என்றார் பாய். “எவனும் படிக்க மாட்டான். மடிச்சுப் பையில போட்டுகினு போய்டுவான். வாயால சொல்லு. ரெண்டு நிமிசம் சேத்து ஆனாலும் பரவால்ல.”

அப்படி வாயால் சொன்னதைக் கேட்டுத்தான், மகனின் கண்ணாடிக்காக வந்த அஃப்ஷான் ஏரிக்கரை வரை வந்தாள். அவளுடைய மகன் யாசீனுக்கு ஒன்பது வயது, ஏற்கெனவே மைனஸ் மூன்று. மகள் ரிஃபாவுக்கு நாலு வயது, இன்னும் கண்ணாடி இல்லை. வெளியே எங்கே விடுவது, யார் பார்த்துக்கொள்வது என்று அஃப்ஷான் கேட்டபோது, நாலரை மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள், நான் இருப்பேன் என்று மெட்டில்டா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று உறைத்தது. இரண்டு பெண்கள் இருந்ததால் மூன்றாவது ஆள் வருவது சுலபமாக இருந்தது. ஜனவரிக்குள் ஆறு குடும்பங்கள் வந்தன. அதில் இரண்டு, பரீட்சை நெருங்கியதும் நின்றுவிட்டன. மெட்டில்டா யாரையும் வற்புறுத்தவில்லை.

பிப்ரவரியில் ஜோசலின் பூவரச மரத்திலிருந்து விழுந்தாள். இடது முன்கை எலும்பு முறிந்தது. புருவத்துக்கு மேல் இரண்டு தையல்.

ஜெர்சன் நாவலூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் கத்திப் பேசுகிறவர் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில், “கண்ணைக் காப்பாத்தறேன்னு போய் கையை உடைச்சிக் கூட்டிட்டு வந்திருக்கே. இந்த மரம் ஏறுறதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றார். குழந்தை மரத்தில் ஏறியதை மெட்டில்டா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இறங்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவள் முடிவுசெய்தாள். மறுநாளிலிருந்து ஏரிக்கரைக்குப் போவது நின்றது. வரவில்லை என்று அஃப்ஷானுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்.

பத்தாவது நாள் ஒரு சனிக்கிழமை. மெட்டில்டா கடையில் இருந்தாள், ஜெர்சனுக்கு விடுமுறை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஜோசலின் ஷூவை மாட்ட முயன்று, முடியாமல், அப்பாவிடம் காலை நீட்டியிருக்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு, மணி நாலரை ஆகிவிட்டதே என்றாளாம். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று அவர் கூட்டிப் போனார்.

அன்றிரவு மெட்டில்டா வீட்டுக்கு வந்தபோது ஜெர்சன் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய பேன்ட் முழங்கால் வரை சேறு. அவள் கேட்பதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்தார்.

“அவளுக்கு அங்க எத்தனை பேரைத் தெரியும் தெரியுமா உனக்கு? மாடு மேய்க்கிற அம்மாகிட்ட கன்னுக்குட்டிக்குக் கால் சரியாயிடுச்சான்னு கேக்கறா. மீன் பிடிக்கிற ஒருத்தர் கையில என்னாச்சு பாப்பான்னு விசாரிக்கறாரு. அஃப்ஷான் பொண்ணு ஓடி வந்து கட்டிக்குது.” தோசையைத் திருப்பினார். “எனக்கு இந்தத் தெருவுல சம்பந்தம் சாரைத் தவிர யாரையும் தெரியாது.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் கம்பெனியில் கேட்டு, புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினார். புதன் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவது அவர் பொறுப்பானது. கட்டுப் பிரித்த பிறகு மரத்துக்கு ஒரு விதி போட்டார்: அப்பாவின் தலை உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஜோசலின் அதைப் பெரும்பாலும் மதித்தாள்.

அடுத்த ஜூனில் மறுபடி கண் பரிசோதனை. இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டு. ஒரு வருடத்தில் கால் பாயின்ட்தான் ஏறியிருந்தது. அந்த வயதுக்கு இது நல்ல செய்தி என்றார் டாக்டரம்மா. வெளிச்சத்தால்தான் என்று சொல்லலாமா என்று கூட வந்திருந்த ஜெர்சன் கேட்டார். மெட்டில்டா முந்திக்கொண்டு, ஒரு குழந்தையின் எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றாள். யாசீனுக்கு அதே வருடத்தில் முக்கால் ஏறியிருந்தது. அவனும் அதே கரையில்தான் ஓடினான். ரிஃபா மட்டும் இன்னும் கடைசி வரி வரை தடுமாறாமல் படிக்கிறாள். அதையும் எதற்கும் ஆதாரமாகச் சொல்ல மெட்டில்டா சம்மதிக்க மாட்டாள். எண்ணோடு பதினான்கு வருடம் வாழ்ந்தவளுக்கு எண் எவ்வளவு சொல்லும், எங்கே நின்றுவிடும் என்று தெரியும்.

அவள் அடித்துச் சொல்வது வேறொன்று. முன்பெல்லாம் மகள் தூங்கப் போகும்போது, இன்று என்ன செய்தாய் என்று கேட்டால் பள்ளிக்கூடம், டியூஷன் என்ற இரண்டு வார்த்தைதான் வரும். இப்போது பேச்சை நிறுத்தித் தூங்கவைக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் புதிதாக ஒரு பெண் கடைக்கு வந்தாள். மூத்த பையனுக்குக் கண்ணாடி, இடுப்பில் கைக்குழந்தை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே வருவதாக இருந்தால் பிள்ளைகளுக்கு என்னென்ன வாங்கிக்கொண்டு வரணும், பேட், பந்து, சைக்கிள் ஏதாவது வேணுமா என்று கேட்டாள்.

“ஒண்ணும் வேணாம்மா. குடிக்கத் தண்ணி எடுத்துக்கோங்க,” என்றாள் மெட்டில்டா. “முதல் வாரம் போரடிக்கும். ரெண்டாவது வாரமும் வாங்க.”