சட்டென்று நின்ற சத்தம்

ஒரு கார் இஞ்சினில் மூன்றாவது சிலிண்டரின் பிளக் துளையிலிருந்து பச்சைத் தண்ணீர் பொடிப்பொடியாகத் தெறித்து என் முழங்கையை நனைத்த அந்தக் காலை இன்னும் என்னை விட்டபாடில்லை. கோப்பெங்குக்கு அப்பால், ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டம். அதன் ஓரத்தில் மிஞ்சியிருந்த சில வீடுகளில் ஒன்று அக்காவுடையது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர். ஈப்போவில் இருக்கும் என் கார் பட்டறைக்கு அடிக்கடி வருவார். எனக்கு உறவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் அவர் அக்காதான்.

அவருடைய கார் காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது குலுங்கும். இரண்டு முறை அணைந்துபோய், மூன்றாவது முறைதான் நிற்காமல் ஓடும். சூடு ஏறிவிட்டால் ஒரு குறையும் தெரியாது. பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் சூடாகிவிடுவதால் நான் எத்தனை முறை பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. "இங்க வந்தா நல்ல புள்ள மாதிரி ஓடுதுலா தம்பி. வீட்லதான் இந்தக் கூத்து" என்பார். வெளியே ஒழுகாமலேயே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்று அவர் ஒருநாள் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. "சாயங்காலம் ஓட்டிட்டுச் சூட்டோட நிறுத்திடுங்கக்கா. காலையில தொடாதீங்க, நானே வாரேன்" என்றேன்.

சுண்ணாம்புக் குன்றுகள் பனிமூட்டத்தில் மறைந்திருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். பிளக்குகளைக் கழற்றினேன். மற்றவை காய்ந்திருந்தன, மூன்றாவது மட்டும் கழுவி எடுத்ததுபோல ஈரமாக இருந்தது. அக்காவிடம் சாவியைத் திருப்பச் சொன்னதும் அந்தத் துளையிலிருந்து தண்ணீர் தெறித்தது. இஞ்சின் தலைப்பகுதியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் விட்டுப்போய், இரவெல்லாம் ரேடியேட்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. கோளாறு பிடிபட்ட மகிழ்ச்சியில் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"இது எத்தன காலமா இருந்திருக்கும் தம்பி?"

"சில மாசம் இருக்கும். வருசக்கணக்கா இருந்திருந்தா இஞ்சின் எப்பவோ போயிருக்கும்லா."

"அவரு போன அன்னிக்கு இருந்திருக்காதா?"

அவருடைய கணவரைப் பற்றி ஊரே அறியும். பல வருடங்களுக்கு முன் ஒரு விடியலில் இதே காரை எடுத்துக்கொண்டு போனவர். கார் லூமுட் படகுத்துறையில் பூட்டியபடி நின்றது. எதிரே கடலுக்குள் இருக்கும் பங்கோர் தீவு வரை தேடிப் பார்த்தார்கள். ஆள் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரை மீட்டு வந்த அக்கா, ஓட்டக் கற்றுக்கொண்டு அதிலேயே வேலைக்குப் போய் இரண்டு பெண்களை வளர்த்தார்.

"மொத நாளு சண்ட. நான் முழிச்சுத்தான் படுத்திருந்தேன், எந்திரிக்கல. கார் ஸ்டார்ட் ஆச்சு, நின்னுச்சு. மறுபடி ஆச்சு, மறுபடி நின்னுச்சு. அப்புறந்தான் போச்சு. இப்ப இது ரெண்டு தடவ அணையவும், ஓ, அன்னிக்கும் கார்தான் மக்கர் பண்ணியிருக்குன்னு நெனச்சேன்."

யோசிக்காமல், எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதுபோல் கேட்டேன்: "குலுங்கி நின்னுச்சா, சும்மா நின்னுச்சா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "குலுங்கல. நல்லா ஓடிக்கிட்டே இருந்துச்சு. சட்டுனு நின்னுச்சு."

கேட்ட பிறகுதான் நான் எதைக் கேட்டேன் என்று உறைத்தது. நன்றாக ஓடும் இஞ்சின் அப்படி நின்றால் சாவியைத் திருப்பியது ஒரு கை. அவரே சொன்னார்: "அவருதான் நிறுத்தியிருக்காரு. ரெண்டு தடவ."

"ஏதாச்சும் மறந்து, எடுக்க வந்திருப்பாரு அக்கா."

"காரு கதவு தெறக்கலயே தம்பி. தெறந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

உடைந்து அழுவார் என்று பயந்தேன். அவர் முகத்தில் வந்தது வேறு. "போவ மனசில்லாமத்தான் இருந்திருக்காரு" என்றபோது ஒரு கணம் புதுமணப்பெண்போல் முகம் மலர்ந்தது. மறுகணமே, காரிலிருந்து ஜன்னல் வரையிலான தூரத்தைப் பார்த்தார். பத்தடிகூட இருக்காது. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் அன்று அக்கா எழாமல் படுத்திருந்திருக்கிறார். கோப்பி கலக்க உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தேன். கார் சீரானது. அடுத்த ஆண்டு அக்கா மூத்த மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த வீடுகளும் இப்போது இல்லை.

நான் இன்று குடியிருப்பது ஈப்போவில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில். விடிகாலையில் வரிசையாகக் கார்கள் கிளம்பும். ஏதாவது ஒன்று குலுங்கி அணைந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பிளக்கோ பேட்டரியோ, பட்டறைக்கு வரட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றால் மட்டும் படுத்திருக்க முடிவதில்லை. கைலியோடு எழுந்து போய் வாசலில் நிற்கிறேன். "என்னாண்ணே, இந்நேரத்துல?" என்று எதிர்வீட்டுப் பையன், தான் நிறுத்திய காரின் கண்ணாடியை இறக்கிக் கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். அவன் சிரித்துப் பதில் சொல்லும் வரை அங்கேயே நிற்கிறேன்.