தட்டு மாற்றிய காட்சியில் கேட்ட குரல்

என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மஸ்கட்டில் இருந்த அண்ணனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "வீடியோ எடுத்து நெட்ல போட்ரு, நான் இங்க பாத்துக்கறேன். அப்பா பத்திரிகை வாசிக்கிறதக் கேக்கணும், அத மட்டும் வெட்டிராத" என்று போனில் சொன்னான்.

2008 வாக்கில் நடந்தது இது. எங்களுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். தங்கைக்குப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடையில் வேலை. இரண்டு பேரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக ஓசூரில் இருப்பவர்கள். எங்களிடம் தமிழில் பேசுவார்கள், பால்காரரிடம் கன்னடம், தங்களுக்குள் தெலுங்கு. மாப்பிள்ளை கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவல் கேமராவில் ஒரு மணி நேர டேப் எடுத்திருந்தேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது டிஸ்க்கில் பாதி நிறைந்துவிட்டது. அந்த வீடியோ தளமோ பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. ஒரு மணி நேரத்தை ஒன்பதரை நிமிடமாக வெட்டினேன். வெட்டியதை வேறு ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டும். எழுபது சதவீதம் வரும்போது கரண்ட் போகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

தட்டு மாற்றும் காட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டதால் கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுப் போயிருந்தேன். படத்தில் அப்பா பத்திரிகை வாசிக்கிறார், தட்டு கை மாறுகிறது. கேமராவுக்கு மிக அருகில் யாரோ இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசும் சத்தமும் பதிவாகியிருந்தது. மற்ற இடங்களில் பாட்டுப் போட்டு மூடினேன். இங்கே மூடினால் அப்பாவின் குரலும் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற கணக்கில்தான் ஏற்றினேன். பூட்டி வைத்தால் அண்ணனுக்குத் திறக்கத் தெரியாது. அவனுக்கும் மாப்பிள்ளைக்கும் லிங்க் அனுப்பினேன். நானே எடிட் செய்தது என்ற பெருமையில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கும் அனுப்பினேன். அவள் ஓசூருக்குப் பக்கத்துப் பாகலூர்க்காரி.

இரண்டு நாள் கழித்து கேன்டீனில் அவள் என்னைக் கை கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, அந்த வீடியோவ யார் யாருக்குக் காட்டினீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"தட்டு மாத்தறப்ப ரெண்டு பேர் பேசறாங்களே, அது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? தெலுங்கு. எங்க வூட்ல பேசறதுதான். ஒரு அம்மா கேக்கறாங்க, 'மாத்ர வேசுகுன்னாடா'ன்னு. மாத்திரை போட்டுக்கிட்டானான்னு அர்த்தம். இன்னொரு அம்மா சொல்றாங்க, 'காலையிலயே குடுத்துட்டேன், இந்தக் கூட்டத்துல வந்துடுமோன்னு எனக்கு உசுரே இல்ல. இவங்களுக்கு இன்னும் சொல்லல. தாலி கட்டட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னு."

"எது வந்துடும்னு?"

"அத சொல்லலக்கா. 'அது'ன்னுதான் சொல்றாங்க."

வெட்டி ஒட்டும்போது அந்த இடத்தை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். 'மாத்ர' என்ற சொல் காதில் விழவும் செய்தது. எனக்கு அது வெறும் இரைச்சல். மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தியும்தான் பேசியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மதியம் அளந்த அளவு எதுவும் மனதில் நிற்கவில்லை. இதய நோயோ, மனநலக் கோளாறோ, என்னவோ என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பத்திரிகை அச்சாகி, ஊரில் அப்பா பாதிப் பேருக்குக் கொடுத்தும் விட்டார். எங்கள் பிரிவுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. வீடு போய்ச் சேர்ந்தால்தான் எதுவும் செய்ய முடியும். கம்பெனி பஸ் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போனது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். வீடியோவை நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். நான் அனுப்பியது மூன்றே பேருக்கு. யார் யார் கைக்குப் போயிருக்கிறதோ தெரியவில்லை. உடனே அழித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. அண்ணன் கேட்பானே என்று எடிட்டிங்கைத் திறந்தேன். இருபது நொடி ஒலியை மட்டும் எடுத்துவிட்டால் போதும், அப்பா குரலில் கொஞ்சம் போகும், பரவாயில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது. முதலில் இதை முடிப்போம், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டேன். தங்கை வேலை முடிந்து வந்து பின்னால் நின்றதே தெரியவில்லை.

"என்னக்கா இது, அதே இடத்தையே போட்டுப் போட்டுக் கேக்குற?"

"ஒண்ணுமில்ல. சத்தம் சரியில்ல."

"உன் மூஞ்சியும்தான் சரியில்ல. ஸ்பீக்கர்ல போட்டுக் காமி."

என்னால் மறைக்க முடியவில்லை. போட்டுக் காட்டினேன், கேன்டீனில் கேட்டதைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"நீ இத எனக்குச் சொல்லணும்னு இருந்தியா, இல்ல அழிச்சிட்டுச் சும்மா இருக்கலாம்னு இருந்தியா?"

"சொல்லணும்னுதான்."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் இறங்கச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

மறுநாள் ஜூஜுவாடி பஸ் நிறுத்தத்துக்கு அருகில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் மூன்று பேரும் நின்றோம். செக்போஸ்ட்டைத் தாண்டும் லாரிகளின் ஹாரனில் அவள் குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"உங்களுக்கு என்ன மாத்திரை குடுக்கறாங்க?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அம்மா உங்க வூட்ல சொல்லலீங்களா?"

"சொல்லல."

"சொல்லிட்டேன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. நீங்க எதுவும் கேக்கலன்னதும், பெரிய மனசுன்னு நெனச்சிட்டேங்க." மாத்திரையின் பெயரைச் சொன்னார். ஃபிட்ஸ், பன்னிரண்டு வயதிலிருந்து.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. பைக் ஓட்டறதில்ல. அதான் எங்க போனாலும் பஸ்தான்."

"இந்த மாத்திரைய தினம் நாலு பேருக்கு எடுத்துக் குடுக்கறேன். வாங்கிட்டுப் போறவங்க கல்யாணம் பண்ணி புள்ள குட்டியோட நல்லாத்தான் இருக்காங்க. எனக்கு வியாதி பயம் கிடையாது. என்னை ஏமாத்தப் பாத்தாங்களே, அதத்தான் தாங்க முடியல." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லணும். உங்கம்மா இல்ல, எங்கக்கா இல்ல. நீங்க."

அவர் அங்கேயே நின்று என் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சத்தமாக, ஒன்றையும் குறைக்காமல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா கடைசியில், "நாளைக்குப் புறப்பட்டு வாரேன், வந்து பேசுவோம்" என்றார்.

அப்பா வந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. மகனைப் பற்றி அவர் வெளியே சொல்லாத ஒன்றை, வீடியோ பார்த்த சொந்தக்காரர்கள் இரண்டு பேர் போன் செய்து விசாரித்திருந்தார்கள். அவர்களுக்கு லிங்க்கை அனுப்பியது மாப்பிள்ளைதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இல்லாததால் சத்தம் கேட்காமலே பார்த்து, சந்தோஷத்தில் அனுப்பியிருக்கிறார்.

"நான் பண்ணது தப்பு, ஒத்துக்கறேன்" என்றார் அந்த அம்மா. "எம்பையன் தலையெழுத்த ஊருக்கே போட்டுக் காட்டினியே, அது சரியாம்மா?"

தெரியாமல் நடந்தது என்று சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை.

அப்பா, மாப்பிள்ளையையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு பெங்களூரில் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனார். கேட்க வேண்டியதையெல்லாம் தங்கையே கேட்டாளாம். திரும்பி வந்ததும் அப்பா என்னிடம், "அவளுக்குச் சம்மதம், எனக்கு என்ன இருக்கு" என்றார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

தங்கை நன்றாக இருக்கிறாள். அவள் மாமியார் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேச இரண்டு வருடம் பிடித்தது. தங்கை அன்று கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் உண்மையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால், ஒலி நீக்கிய வீடியோவை ஏற்றி முடித்திருப்பேன். அதற்குப் பிறகு சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.