அத்தை சொன்ன இரண்டாவது யானை

எங்கள் தாத்தா யானையை விரட்டியவர். அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லி வைத்திருந்தவள் நான்தான். எனக்குச் சொன்னவர் அப்பா. இந்தியாவிலிருந்து குடும்பமாக வந்து, மன்னாரில் தோணியிறங்கி மலைநாட்டுக்கு நடந்தபோது நடுக்காட்டில் யானை வழிமறித்ததாம். தாத்தா மூன்று வயது அப்பாவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டியே அதை ஓட வைத்தாராம். நான் சொல்லும்போது யானையும் நானே, குடமும் நானே.

ஒரு சுவர் தள்ளி இருந்த பக்கத்துக் காம்பராக்காரி மட்டும் நம்பவில்லை. அவளுக்கும் என்னைப் போல ஒன்பது வயது.

"குடத்தத் தட்டுனா யானை ஓடுமாக்கும்? எல்லாம் புளுகு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் தைப்பொங்கலுக்கு லுணுகலையிலிருந்து அத்தை வருவதாக இருந்தது. அப்பாவின் அக்கா, அந்தக் காட்டு வழியில் பத்து வயதுப் பெண்ணாகக் கூடவே நடந்து வந்தவள். கண்ணால் கண்ட சாட்சி! அவள் இல்லையென்று சொன்னால் இனிமேல் கதை சொல்ல வாயே திறப்பதில்லை என்று சபதம் போட்டேன்.

அத்தை மூட்டையைக்கூட இறக்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் மொத்தமும் அவளைச் சூழ்ந்துகொண்டோம்.

"அத்தே, யானை வந்துச்சா இல்லையா? இவகிட்டச் சொல்லுங்க!"

வாசலில் பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்த அப்பாவை அத்தை பார்த்தாள். அவரும் எங்களைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வந்துச்சு" என்றாள் அத்தை. "ஒண்ணா வந்துச்சு? ரெண்டுல்ல!"

லயமே அதிரும்படி கத்தினோம். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் வீட்டுக் குடத்தை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். இந்தப் பக்கம் ஒரு யானை, அந்தப் பக்கம் ஒரு யானை, நடுவில் தாத்தா. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராக்காரியே தன் அண்ணன் முதுகில் ஏறிக்கொண்டு, "அடிங்க தாத்தா, விடாதீங்க!" என்று கூவினாள்.

"ஏங்க்கா, எங்கிட்ட ஒண்ணுன்னுதானே சொன்னே?" என்றார் அப்பா.

"நீ அப்பச் சின்னப் புள்ளடா. ரெண்டுன்னா பயந்துருப்ப."

வெற்றிக் களிப்பில் நான் கேட்டேன்: "அப்ப அப்பாயி எங்க இருந்தாங்க அத்தே?" அப்பாவைப் பெற்ற அப்பாயியை நான் பார்த்ததே இல்லை.

குடத்தின் மேல் அத்தையின் கை நின்றது.

"பின்னால வந்துக்கிட்டிருந்தாங்க" என்றாள்.

இரண்டாவது யானை எந்தப் பக்கம் ஓடியது என்று யாரோ கேட்க, குடம் மறுபடி முழங்கியது.

எனக்கே பெண் பிறந்த பிறகுதான் அத்தை மீதியைச் சொன்னாள். யானை எதுவும் வரவில்லை. அப்பாயிக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணி கூட்டத்தை நிறுத்தவில்லை. வழியோரக் கொட்டகை ஒன்றில் அவரைப் படுக்க வைத்துவிட்டு நடந்தார்கள். அப்பா தாத்தாவின் தோளிலிருந்து பின்பக்கமாகக் கையை நீட்டி நீட்டி அழுதிருக்கிறார். திரும்பிப் பார்க்காதே, யானை வருகிறது என்று அத்தைதான் கதை கட்டியிருக்கிறாள். தாத்தா அழுகை காதில் விழாதபடி குடத்தைத் தட்டிக்கொண்டே நடந்தாராம்.

இதெல்லாம் அந்தப் பொங்கலன்று எனக்குத் தெரியாது. நான் ஜெயித்துவிட்டேன், அவ்வளவுதான். அத்தை ஊருக்குப் போன மறுநாளே கதையை இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு யானைகளும் ஓடி மறைந்ததும், பின்னால் வந்த அப்பாயி மூச்சிரைக்க ஓடிவந்து, அப்பாவைத் தோளிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வதாக முடித்தேன்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார்.

யானை வரும் இடத்தை விட்டுவிட்டு அதைப் போய் ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.